வந்துவிட்டான் என்று சொன்ன பிறகு

அவுடுன் உள்ளே வந்தபோது ஹால்வோர் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுப்பின் முன் குனிந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தான். விமானம் இறங்கும் சத்தம் சற்று முன்புதான் கேட்டிருந்தது. சக்கரங்கள் உறைந்த ஓடுபாதையில் தட்டித் தட்டி உருண்டு கொட்டகை வரை வந்தன, எஞ்சின் இருமிவிட்டு அணைந்தது, பிறகு மரப் படிகளில் பூட்ஸ், பனியை உதறும் தட்டல், வலது காலுக்கு மட்டும் ஒரு தட்டல் கூடுதலாக, அவுடுனுக்கே உரிய பழக்கம் அது. வெளிக்கதவு. கோட்டு மாட்டும் அறையில் தோல் உடை உரசியது. கையுறைகள் பலகை மேல் விழுந்தன. கதவிடுக்கு வழியாகப் பெட்ரோல் வாடையும் நனைந்த கம்பளியின் வாடையும் மெல்ல வந்து அடுப்பின் சூட்டில் கலந்தன.

"காபி இல்ல. இங்வால் குடிச்சுத் தீர்த்துட்டான்," என்றான் ஹால்வோர், நெருப்பைப் பார்த்தபடி. "வேணும்னா நீயே போட்டுக்கோ."

அப்போது தொலைபேசி அடித்தது.

ஏரியின் மறுகோடியில் கடை வைத்திருக்கும் கனடாக்காரி, மிஸஸ் பிரிம்லி. நார்வே விமானிகளின் பயிற்சி முகாமுக்கு முட்டை அவள் கடையிலிருந்துதான் வரும்.

"லெப்டினன்ட் சார், உங்க மஞ்சள் விமானம் ஒண்ணு எங்க கூரைக்கு மேல ரொம்பத் தாழப் போச்சு. அப்புறம் சத்தமே காணோம். பனி கொட்டுறதுல ஒண்ணும் தெரியல. எங்க வீட்டுக்காரர் ஏணியும் கயிறும் எடுத்துக்கிட்டு வாசல்ல நிக்கிறார். உங்க பசங்க எல்லாரும் வந்தாச்சா?"

அன்று மதியம் வெளியே போயிருந்தது ஒரே விமானம்.

"வந்துட்டான்," என்றான் ஹால்வோர். "இப்பதான் உள்ள வந்தான். தாழப் பறந்ததுக்கு நான் அவனைக் கேட்டுக்கிறேன்."

"அப்ப சரி. ரொம்பத் திட்டாதீங்க, பாவம்."

தொலைபேசியை வைத்தான். "கேட்டியா? கடைக்காரம்மா உனக்காகப் பரிஞ்சு பேசுது," என்று சொல்லிக்கொண்டே திரும்பினான்.

கதவருகில் யாரும் இல்லை.

கோட்டு அறைக்குப் போனான். கொக்கிகளில் எதுவும் தொங்கவில்லை. பலகை மேல் கையுறைகள் இல்லை. தரை காய்ந்திருந்தது. வெளிக்கதவைத் திறந்தான், படிகளில் புதுப்பனி மாவு சலித்ததுபோல் படிந்திருந்தது, ஒரு தடம்கூட இல்லை. அதற்கப்பால் ஓடுபாதை வெறுமையாக, நீளமாக, பனிமூட்டத்துக்குள் போய் மறைந்தது.

ஹால்வோர் அப்போது பயப்படவில்லை. சிரித்துக்கொண்டான்.

வார்டோகர். ஒருவன் வருவதற்கு முன்னால் வந்துவிடும் அவனுடைய சத்தம். நார்வேயில் அதைக் கேட்காத வீடு குறைவு. வேலையிலிருந்து ஹால்வோர் திரும்பும்போதெல்லாம் அவனுடைய காலடி அவனுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடும். மனைவி யோருன் அதைக் கேட்டு காபிப் பாத்திரத்தை அடுப்பில் வைப்பாள். அவன் உண்மையில் கதவைத் திறக்கும்போது காபி கொதித்திருக்கும். அதைப் பற்றி அவர்கள் ஒருநாளும் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை. அவள் இறந்த பிறகு பல மாதங்கள் அவன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். எதுவும் கேட்கவில்லை. போனவர்களுக்கு அது கிடையாது. வரப்போகிறவர்களுக்கு மட்டும்தான்.

ஆகவே அவுடுன் வருகிறான்.

கடைக்காரியை மறுபடி கூப்பிடலாமா என்று தொலைபேசியை எடுத்தான். என்ன சொல்வது? வரவில்லை, ஆனால் வந்தது கேட்டது என்றா? வைத்துவிட்டான். காபிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினான்.

மெக்கானிக் இங்வால் கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். லொஃபோத்தன் தீவுக்காரன், ஹால்வோரைவிட மூத்தவன், பதவியில் கீழே. யாருக்கும் சல்யூட் அடிக்காமல் காலம் தள்ளுகிறவன்.

"எங்க வாத்தியாரே அந்த மகாராஜா? விமானத்தை எங்க கொண்டுபோய் நிறுத்தினான்? நான் விளக்கைத் தூக்கிக்கிட்டுப் போனா அங்க ஒண்ணுமே இல்ல."

"நீயும் கேட்டியா?"

"செவிடனா நான்? எஞ்சின் அணைக்கறப்போ இருமினதுகூடக் கேட்டுச்சு. நாளைக்கு அந்தக் கார்புரேட்டரைப் பார்க்கணும்னு மனசுல குறிச்சுக்கிட்டேன்." காபிப் பாத்திரத்தைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "ஓ. அதுவா? நம்ம ஊர் சரக்கு கடல் தாண்டியும் வருமா?"

"வந்திருக்கே."

"அப்ப எனக்கும் ஒரு கப் சேர்த்து ஊத்து. வர்றவன் கெட்டி காபி குடிக்கற ஆளு."

இருவரும் குடித்தார்கள். மூன்றாவது கோப்பை மேசைமேல் ஆவி விட்டுக்கொண்டு நின்றது.

காலையில் விமானத்தின் பக்கத்தில் நின்று ஹால்வோர் அவுடுனிடம் கேட்டிருந்தான். "மேகம் தாழ இறங்கினா என்ன பண்ணுவ?"

"அத்தான் சொன்னதைப் பண்ணுவேன்."

"என்ன சொன்னேன்?"

"கவனிச்சிருந்தாத்தானே தெரியும்." அவுடுன் சிரித்தான். பிறகு பாடம் ஒப்பிப்பதுபோல், "ரயில் பாதையைப் பிடிச்சுக்கிட்டு வரணும். ஏரிக்கு மேல வரக்கூடாது. பனிக்கட்டி இன்னும் கனக்கல. போதுமா?"

"போதும்."

"ஏரி குறுக்கு வழி, அத்தான்."

"தெரியும். வராதே."

தனியாகப் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டவன் ஹால்வோர்தான். ஜெர்மானியர் நார்வேயைப் பிடித்த பிறகு வட கடலை மீன்பிடிப் படகில் கடந்தபோது, யோருனையும் சேர்த்து மூன்று பேராக இருந்தார்கள். ஸ்காட்லாந்தில் கரையேறியபோதும் மூன்று பேர். யோருனுக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. அவள் மூச்சு நின்ற காலையில் ஹால்வோர் விமானப்படையில் சேர்வதற்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தான்; அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவளுடைய தம்பி அவுடுன்தான். ஹால்வோர் திரும்பியபோது அவுடுன் "இப்பதான்" என்று மட்டும் சொன்னான். அதற்குமேல் அதைப் பற்றி அவர்களுக்குள் பேச்சே இல்லை. கனடாவில் ஒரே அறையில், மேல்கட்டிலில் அவன், கீழ்க்கட்டிலில் இவன்.

மூன்றாவது கோப்பையில் ஆவி நின்றது.

கேப்டன் ரோஸ்தாட் வந்தார். துரோன்ஹைமில் பொறியியல் படித்தவர். தோளில் பனி.

"பையன் எங்க? இந்நேரம் வந்திருக்கணுமே."

ஹால்வோர் சொன்னான். சொல்லும்போது கன்னம் சூடேறியது. இங்வால் பக்கத்தில் நின்று தலையாட்டினான். கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் கேட்டீங்களா?"

"ஆமா."

"எங்கப்பாவுக்கு உண்டு," என்றார் கேப்டன் தாழ்ந்த குரலில். "தப்பினதே இல்ல." கொஞ்சம் யோசித்தார். "இந்தப் பனியில இன்னொரு விமானத்தை மேல அனுப்பினா அதையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும். எங்கயாவது வயல்ல இறக்கியிருப்பான். காத்திருப்போம். கனடாக்காரங்ககிட்ட மட்டும் இதைச் சொல்லித் தொலைக்காதீங்க."

காத்திருந்தார்கள். வெளியே வெள்ளை சாம்பலாகி, சாம்பல் நீலமாகியது. பெட்ரோல் தீர்ந்திருக்கும் நேரம் வந்தது. போனது.

பிறகு மறுபடியும் கேட்டது.

இந்த முறை எஞ்சின் இல்லை. பூட்ஸ் மட்டும். ஓடுபாதைப் பக்கமிருந்து இல்லை, ஏரிப் பக்கமிருந்து. அவசரமில்லாமல் ஒரே சீராக வந்து, படியேறி, உதறியது. வலது காலுக்கு ஒரு தட்டல் கூடுதல். வெளிக்கதவு திறந்து மூடும் சத்தம். ஆனால் குளிர் உள்ளே வரவில்லை. கோட்டு அறையில் கனமான எதையோ கொக்கியில் மாட்டும் சத்தம், அதன் பிறகு தரையில் ஒரு சொட்டு. இன்னொன்று. நனைந்த துணியிலிருந்து தண்ணீர் வடியும் சத்தம்.

மூன்று பேரும் அசையவில்லை.

இங்வால்தான் எழுந்து கதவைத் தள்ளினான். வெறும் கொக்கிகள். காய்ந்த தரை. சொட்டும் சத்தம் மட்டும் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொடர்ந்தது. பிறகு நின்றது.

ஹால்வோர் தொலைபேசியை எடுத்தான்.

"மிஸஸ் பிரிம்லி. மதியம் பார்த்தீங்களே, அந்த விமானம். அதுக்கப்புறம் ஏதாவது..."

"நீங்க வந்துட்டான்னு சொன்னதும் எங்க வீட்டுக்காரர் ஏணியைத் தூக்கி உள்ள வெச்சுட்டார்," என்றாள் அவள். "ஏன் சார், வந்துட்டான்தானே?"

அவன் பார்வை கோட்டு அறைக் கதவுக்குப் போனது.

"ஒரு குரல் கேட்டுக்கிட்டு இருந்துச்சு," என்றாள். "பனிக்கட்டி மேலருந்து. உங்க பசங்க கரையோரமா சறுக்கி விளையாட வருவாங்களே, அவங்கதான் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடறாங்கன்னு நெனச்சோம். ரொம்ப நேரம் கேட்டுச்சு. அப்புறம் நின்னுடுச்சு. ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப. ஹால்வோர், ஹால்வோர்னு. உங்க பாஷையில அதுக்கு என்னங்க அர்த்தம்?"

*

விளக்குகளோடு போனார்கள். பிரிம்லி மறுபடி ஏணியைக் கொண்டுவந்தார். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. ஏரி ஒரு கைபோல் குறுகி நீளும் மூலையில் பனிக்கட்டி உடைந்திருந்த இடம் ஏற்கெனவே மெல்லிய கண்ணாடிபோல் மூடிக்கொண்டுவிட்டது. அதன் வழியாக மஞ்சள் வால் தெரிந்தது; ஓர் இறக்கை நுனி மட்டும் மேலே நீட்டியிருந்தது.

மறுநாள் விமானத்தைக் கொக்கி போட்டு இழுத்தார்கள். இருக்கை காலி. பெல்ட்டை அவனே அவிழ்த்திருந்தான். தண்ணீருக்குமேல் நின்றிருந்த இறக்கை நுனியில் கையுறை இல்லாத விரல்கள் பிடித்த இடங்கள், பனி உருகி மறுபடி உறைந்து, வழுவழுப்பாக இருந்தன. நீளக் கழிகளால் துழாவினார்கள். உடல் கிடைக்கவில்லை.

"வசந்தத்துல வரும்," என்றார் பிரிம்லி.

அன்று மாலை, விளக்கு ஏற்றும் நேரத்தில், அவுடுன் வந்தான்.

சாப்பாட்டு மேசையில் பேச்சு நின்றது. படிகள். உதறல். கதவு. கொக்கி. சொட்டுகள். புதிதாக வந்திருந்த பயிற்சி மாணவன் ஒருவன் பழக்கத்தில் எழுந்து காபிப் பாத்திரத்தை எடுத்தான். எல்லோரும் தன்னைப் பார்ப்பதை உணர்ந்து அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

அடுத்த மாலையும். அதற்கடுத்ததும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உள்ளே. கோட்டு அறையிலிருந்து கூடம். கூடத்திலிருந்து தாழ்வாரம். தாழ்வாரத்தில் மூன்றாவது கதவு ஹால்வோருடையது. படுக்கையில் விழித்தபடி கிடந்தான். கதவு திறக்காமலே திறந்தது. சேற்று வாடை, ஏரியின் அடியில் அழுகும் இலைகளின், பழைய கல்லின் வாடை. கட்டில் ஏணியின் படி முனகியது. மேல்கட்டிலின் கம்பிகள் இறங்கின. அவன் கண்ணெதிரே மெத்தை ஒரு உடலின் அளவுக்குப் பள்ளமாகி அப்படியே நின்றது.

கையை நீட்டித் தொடவில்லை. நீட்டியிருக்கலாம். உன் அக்காவுக்கு நான் இல்லை, உனக்கும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். விடியும்போது மெத்தை மேலே எழும்பியது.

இங்வால் கொட்டகையிலேயே படுக்க ஆரம்பித்திருந்தான். ஹால்வோர் அங்கே போய் அவன் பக்கத்தில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தான்.

"உங்க தீவுல கடல்ல செத்தவங்க வருவாங்கன்னு சொல்வியே."

"வருவாங்க. வந்து ஒரு தடவை நின்னுட்டுப் போயிடுவாங்க. இது அது இல்ல வாத்தியாரே." ஸ்பேனரைக் கீழே வைத்தான். கிண்டல் அவன் குரலைவிட்டுப் போயிருந்தது. "இது முன்வரவு. நாம கேட்டது அதைத்தான், முதல் நாள்லருந்து. முன்வரவு வந்தா பின்னாலயே ஆள் வந்தாகணும். ஆள் இன்னும் வரல."

"அப்படின்னா?"

"அப்படின்னா வழியில இருக்கான்."

இங்வால் கொட்டகை அடுப்பில் ஒரு விறகைச் செருகினான்.

"யாராவது போய் அவன்கிட்ட சொல்லணும்," என்றான் இங்வால்.

"என்னன்னு?"

"வர வேண்டாம்னு. வேற யார் சொன்னாலும் கேட்க மாட்டான். அவன் கூப்பிட்டது உன்னத்தான்."

அந்த வாரக் கடைசியில் வடக்குக் காற்று அடித்தது. முகாமுக்கு எதிரே இருந்த குடாவில் பனியைப் பெருக்கித் தள்ளிவிட்டது. பனிக்கட்டி இப்போது தடித்திருந்தது. கருப்பாக, துடைத்த கண்ணாடிபோல. சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் உள்ளே போன பிறகு, வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும்போது, ஹால்வோர் கரையிலிருந்து இறங்கி அதன்மேல் நடந்தான்.

குளிர் இறுக இறுக ஏரி சத்தம் போட்டது. எங்கோ தூரத்தில் கம்பியைச் சுண்டியதுபோல் ஒரு நீண்ட ரீங்காரம் கிளம்பி, காலுக்கடியில் ஓடி, மறுகரையில் மோதி அடங்கியது. காற்றில் பைன் மரங்களின் பிசின் வாடை இருந்தது. பின்னால் முகாம் ஜன்னல்கள் மஞ்சளாக எரிந்தன. தட்டுகளின் சத்தமும், யாரோ எதற்கோ சிரிப்பதும் மெலிதாகக் கேட்டன. குடாவின் நடுவே வந்து நின்றான்.

"அவுடுன்," என்றான். மறுபடி சொன்னான். "அவுடுன். நான்தான். நான் தப்பாச் சொல்லிட்டேன்டா. நீ வந்துட்டேன்னு நெனச்சுட்டேன்." மூச்சு முகத்தின் முன் வெள்ளையாக நின்றது. "இனிமே வர வேண்டாம். அங்கயே இரு. கேக்குதா? வேண்டாம்."

ஏரி அமைதியானது.

காற்றும் நின்றது.

பிறகு பூட்ஸ். தூரத்தில். விமானம் விழுந்த குறுகிய மூலையின் பக்கமிருந்து. மரத்தின்மேல் அல்ல. கல்லின்மேல் அல்ல. மந்தமாக, அடைபட்டதுபோல.

அந்தப் பக்கம் பார்த்தான். பனிக்கட்டியின்மேல் யாரும் இல்லை.

சத்தம் நெருங்கியது.

யாரும் இல்லை.

மிக நெருங்கியது. நின்றது. பாதத்தில் ஓர் அதிர்வு.

கீழே பார்த்தான்.

பனிக்கட்டிக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் அவன் பாதங்களோடு ஒட்டி நின்றன. அடிப்பாகம் அடிப்பாகத்தோடு. தலைகீழாக. அதற்குக் கீழே கால்கள் கருமைக்குள் இறங்கின. தோல் உடையின் நுனி மெதுவாக அலைந்தது. அதற்குக் கீழே எதுவும் தெரியவில்லை. தெரியாமலிருந்தது நல்லது.

கரைக்கு ஓட நினைத்தான். ஓடினால் கூடவே வரும். ஆகவே எதிர்ப்பக்கம் திரும்பினான், ஏரியின் நடுவை நோக்கி.

"இங்க வா," என்றான். "என் கூட. இந்தப் பக்கம்."

ஓரடி வைத்தான்.

கீழிருந்த பாதங்கள் அசையவில்லை.

இன்னோர் அடி. முட்டியில் விழுந்து உள்ளங்கையால் பனிக்கட்டியைத் தட்டினான். "அவுடுன். என் கூட வா."

பாதங்கள் மெல்லத் திரும்பின. முகாமின் பக்கம். நடக்கத் தொடங்கின. அவசரமில்லை. இடது. வலது. வெகுநேரம் நடந்து வீடு தெரிந்தவனைப்போல.

தவழ்ந்தபடி பின்னால் போனான். நகங்கள் வழுக்கின. பாதங்கள் கரையோரம் வரை போயின. பனிக்கட்டியும் கற்களும் சேரும் இடம். அங்கே மறைந்தன.

ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை.

பிறகு படியில் பூட்ஸ். மரத்தின்மேல். பனியில் ஈரத் தடங்கள், ஒவ்வொன்றாக. கருப்பாக.

உள்ளே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இந்தச் சத்தத்துக்கு அவர்கள் பழகியிருந்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

கதவு திறந்தது. இத்தனை மாலைகளும் சத்தத்தால் மட்டுமே திறந்த கதவு. இப்போது வெளிச்சம் ஒரு பலகையைப்போல் வெளியே விழுந்து, படிகளைத் தாண்டி, பனிக்கட்டிமேல் முட்டி போட்டிருந்த ஹால்வோரின் கைகள்வரை நீண்டது. பிறகு சுருங்கியது. கதவு மூடியது.

சிரிப்பு நின்றது.

ஜன்னலில் தலைகள் தெரிந்தன. ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். எல்லோரும் கதவைப் பார்த்து. யாரும் நகரவில்லை. அவர்களுக்கு நடுவே, சற்றுக் குனிந்து, தண்ணீர் வடிய, ஓர் உருவம் தனக்கான நாற்காலியை இழுத்து மேசையில் உட்கார்ந்தது.